தோற்றுக்கொண்டிருக்கும் பயிற்றுவிப்பாளருக்கு எத்தனை ஆண்டு தரலாம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மகளிர் கூடைப்பந்துப் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் தொடக்கத்தில் முடிகிறது; பயிற்றுவிப்பாளர்களை வீட்டுக்கு அனுப்பும் பருவமோ மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. அங்கே இரவில் நடக்கும் ஆட்டங்கள் சிங்கப்பூரில் நாம் காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வருவதால், எம்ஆர்டியில் நின்றபடியே அவற்றைக் கைப்பேசியில் பார்த்துப் பழகிவிட்டேன். ஆண்டுதோறும் அந்த மாதத்தில் யாரோ ஒரு பெண் பயிற்றுவிப்பாளரைப் பற்றி அதே கேள்வி எழும்: இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தோல்வியே மிஞ்சியிருக்கும் இவரைத் தொடர விடலாமா? என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீராங்கனைகளை மோசமாக நடத்துகிறார் என்ற புகார் மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, நான்கு முழுப் பருவங்கள் முடிவதற்குள் எந்தப் பயிற்றுவிப்பாளரையும் அனுப்பக்கூடாது.

நான்கு என்ற கணக்குக்குக் காரணம் உண்டு. வசந்த காலத்தில் பொறுப்பேற்பவர் முதல் பருவத்தில் பெரும்பாலும் முந்தையவர் சேர்த்த அணியைத்தான் ஆட வைக்கிறார். உயர்நிலைப் பள்ளி மாணவிகளோ ஓராண்டு இரண்டாண்டுக்கு முன்பே எங்கே சேர்வது என்று முடிவெடுத்திருப்பார்கள். ஆகவே, அவரே வீடு தேடிப் போய்ப் பெற்றோரிடம் பேசிச் சேர்த்த முதல் குழுவினர் இரண்டாம் அல்லது மூன்றாம் பருவத்தில்தான் களமிறங்குகிறார்கள், அதுவும் பதினெட்டு வயதில், இருபத்திரண்டு வயதுக்காரர்களை எதிர்த்து. மூன்றாம் பருவ முடிவில் ஒருவரை நீக்குவது, அவர் விதைத்ததை அறுக்கும் முன்பே வயலைப் பிடுங்கிக்கொள்வதாகும்.

டான் ஸ்டேலியின் தொடக்கத்தைப் பாருங்கள். ஆட்டக்காரராக 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றவர்; டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எட்டு ஆண்டு பயிற்சியளித்துவிட்டு 2008இல் சவுத் கரோலைனாவுக்கு வந்தார். முதல் பருவத்தில் 10 வெற்றி, 18 தோல்வி. எஸ்இசி என்று அழைக்கப்படும் தென்கிழக்குப் பிரிவின் 14 ஆட்டங்களில் அவர் வென்றது இரண்டே இரண்டு. இரண்டாம் பருவத்தில் 14 வெற்றி, 15 தோல்வி; மூன்றாவதில் 18 வெற்றி, 15 தோல்வி. நான்காம் பருவத்தில்தான் 25 வெற்றிகளோடு தேசியப் போட்டியின் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் நுழைந்தார். அதன் பிறகு 2017, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பட்டம். அவற்றுள் கடைசியானது 38 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காமல் பெற்றது. அந்த இறுதியாட்டத்தை அமெரிக்காவில் ஏறத்தாழ 19 மில்லியன் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள், ஆடவர் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களைவிட அதிகம். மூன்றாம் பருவத்தின் முடிவில் பொறுமையிழந்த ஒரு நிர்வாகி இருந்திருந்தால், இவற்றுள் எதுவும் அந்த ஊரில் நடந்திருக்காது. ஸ்டான்ஃபர்டில் டாரா வான்டர்வியர் 13-15, 14-14 என்றுதான் 1985இல் தொடங்கிய தம் முதல் இரண்டு பருவங்களைக் கழித்தார். கனெக்டிகட்டில் பன்னிரண்டு தேசியப் பட்டங்களைக் குவித்திருக்கும் ஜீனோ ஆரியெம்மாவின் முதல் பருவமும் 12-15தான்.

இந்த வாதத்தில் ஓட்டை இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன். நம் காப்பிக்கடைகளில் காற்பந்து பேசுவோர் எந்தப் பயிற்றுவிப்பாளர் தடுமாறினாலும் அலெக்ஸ் ஃபெர்குசனின் பெயரை எடுத்துவிடுவார்கள்: 1986இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தவர் முதல் கிண்ணத்தை 1990இல்தான் தூக்கினார், ஆகவே பொறுத்திரு என்பார்கள். பொறுத்திருந்தும் தேறாதவர்களின் பட்டியலை யாரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. வென்றவர்களின் தொடக்கத் தோல்விகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் எந்தத் தோல்வியும் வெற்றிக்கு முன்னோட்டமாகத்தான் தெரியும். ஸ்டேலியின் கதை, முதல் மூன்று பருவங்களின் கணக்கை வைத்து ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது என்று மட்டுமே காட்டுகிறது. எனக்கு அந்த அளவே போதும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. 2021 முதல், அங்குள்ள மாணவ விளையாட்டாளர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில், தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் ஈட்டும் உரிமையும் வந்தது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் எனப்படும் மாற்றப் பதிவேட்டிலிருந்து ஒரே வசந்தத்தில் பாதி அணியைப் புதிதாகக் கட்டிவிடலாம் என்னும்போது, நான்கு ஆண்டு எதற்கு என்று கேட்கிறார்கள். இதில் பாதியை ஏற்கிறேன். ஆனால், அப்படி ஓராண்டில் கட்டுவதற்குப் பணம் வேண்டும், பெயர் வேண்டும். அவை இரண்டும் இருக்கும் பல்கலைக்கழகம் தன் பயிற்றுவிப்பாளரிடம் விரைவான பலனை எதிர்பார்ப்பது நியாயம். சிறிய பயிற்சிக்கூடமும் குறைந்த நிதியும் கொடுத்துவிட்டு, கொடுத்தவற்றை மறந்து கணக்குக் கேட்பது நியாயமாகாது. சேர்த்து வளர்த்த சிறந்த ஆட்டக்காரர் மூன்றாம் ஆண்டில் பணக்கார அணிக்குப் போய்விடும் ஏழை அணிகளுக்கு, இந்தப் புதிய விதிகள் வேலையைக் கடினமாக்கித்தான் இருக்கின்றன.

டென்னசி பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. பாட் சம்மிட் 1974 முதல் 2012 வரை அங்கே 1,098 ஆட்டங்களை வென்று எட்டுத் தேசியப் பட்டங்களைக் கொண்டுவந்தார். பொறுப்பேற்றபோது வயது 22. அணியின் வேனை ஓட்டியதும் சீருடைகளைத் துவைத்ததும் அவரே. முதல் பட்டம் 1987இல், பதின்மூன்றாவது பருவத்தில், கிடைத்தது. அவருக்குப் பின் வந்த ஹாலி வார்லிக், பல ஆண்டுகள் அவருக்குத் துணைப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர். மூன்று முறை கடைசி எட்டு அணிகளுக்குள் அணியைக் கொண்டுசென்ற அவர், 2019இல் 19-13 என்று முடிந்த பருவத்துக்குப் பின் நீக்கப்பட்டார். அடுத்து வந்த கெல்லி ஹார்ப்பர், சம்மிட்டின் அணியில் 1996 முதல் 1998 வரை தொடர்ந்து மூன்று பட்டம் வென்ற ஆட்டக்காரர். தொற்றுநோயால் ரத்தான 2020 தவிர, ஒவ்வோர் ஆண்டும் அணியைத் தேசியப் போட்டிக்குக் கொண்டுசென்றார். 108 வெற்றி, 52 தோல்வி. அவரையும் 2024 ஏப்ரலில் அனுப்பிவிட்டார்கள். இதைத் தடுமாற்றம் என்று வேறு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லியிருக்காது. சம்மிட்டின் காலத்தில் மகளிர் கூடைப்பந்தில் பணம் போட்ட பல்கலைக்கழகங்கள் சில மட்டுமே; இன்று பல. அவர் வென்ற போட்டியும் இவர்கள் ஆடும் போட்டியும் ஒன்றல்ல என்பதை அந்த நிர்வாகம் கணக்கில் கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆடும் பல்கலைக்கழக அணிகளைப் பற்றி 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மிக மோசமாக ஆடிய அணிகளில் தலைமைப் பயிற்றுவிப்பாளரை மாற்றியதால் பெரிய பயன் இல்லை என்றும், நடுத்தரமாக ஆடிய அணிகளில் மாற்றியபின் நிலைமை மோசமானது என்றும் கண்டது. வேறு விளையாட்டுதான், ஆனாலும் மார்ச் மாதத்து ஆவேசத்துக்கு அது நல்ல தண்ணீர்.

நம் ஊரில் இந்த விவாதமே எழுவதில்லை. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இணைப்பாட நடவடிக்கைப் பயிற்றுவிப்பாளர் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வருபவர். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் ஒருநாள் வேறொருவர் விசிலோடு நிற்பார். பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் கூடைப்பந்து ஆடும் என் அக்காள் மகளுக்கு அப்படித்தான் நடந்தது. “புதுசா வந்தவங்க நல்லவங்கதான் சித்தி. ஆனா எல்லாத்தையும் முதல்லேர்ந்து கத்துக்கணும், அதுக்குள்ள எங்களுக்குப் படிப்பே முடிஞ்சிடும்” என்றாள். மூன்றே ஆண்டுப் படிப்பில் இரண்டு பயிற்றுவிப்பாளர்கள் என்றால், அவள் சொல்வது வெறும் சலிப்பு அன்று.

பெண் என்பதற்காக ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால், கல்வியில் பால் வேறுபாட்டைத் தடைசெய்த டைட்டில் நைன் சட்டம் 1972இல் வந்தபோது மகளிர் அணிகளில் பத்துக்கு ஒன்பதைப் பெண்களே வழிநடத்தினார்கள். பணமும் மதிப்பும் சேர்ந்தபின் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்த நிலையில் ஒரு பெண்ணை மூன்றாம் ஆண்டில் நீக்கும் நிர்வாகி, தன் காரணங்களை வழக்கத்தைவிடக் கூர்மையாகச் சோதித்துக்கொள்வது நல்லது.

என்னிடம் முடிவைக் கேட்டால் வெற்றி தோல்விக் கணக்கைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலாண்டில் சேர்ந்தவர்கள் தங்குகிறார்களா, போகிறவர்கள் ஆட வாய்ப்பில்லாமல் போகிறார்களா, அல்லது களத்தில் அதிக நேரம் ஆடுபவர்களே போகிறார்களா என்பது முதல் கேள்வி. நவம்பரில் செய்த தவறுகளைப் பிப்ரவரியில் செய்யாமல் இருக்கிறார்களா என்பது இரண்டாவது. காயம் பட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்பேன். தங்குவதும் தேறுவதும் இருந்தால் நான்காம் ஆண்டுக்குப் பிறகும் தொடர விட்டே ஆக வேண்டும். முக்கிய ஆட்டக்காரர்கள் இரண்டு வசந்தங்களில் தொடர்ந்து வெளியேறினால், நான்காம் பருவம் முடிந்த கையோடு வேறொருவரைத் தேடுவதில் எனக்கு மறுப்பில்லை.

எதுவானாலும் பருவம் முடிந்த ஒரு வாரத்துக்குள் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தலைமைப் பயிற்றுவிப்பாளர் மாறினால் அந்த அணியினர் வெளியேறத் தனியாகவே கால அவகாசம் கிடைக்கிறது என்பதால், நீக்கம் என்பது அணியையே கலைக்கும் முடிவாகவும் ஆகக்கூடும். அதை ஏற்கத் துணிந்தவர்கள் செய்யட்டும். தொடர விடுகிறவர்கள், “நிலைமையை மதிப்பிட்டு வருகிறோம்” என்று இழுக்காமல், அவர் அடுத்த ஆண்டும் இருக்கிறார் என்று எழுத்தில் அறிவிக்கட்டும், அவர் மாணவிகளின் பெற்றோரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையாவது கையில் எடுத்துப்போக முடியும்.