சாளையும் ஒற்றைக்குழலும்

2024 மார்ச் 16. டிவியில் தேர்தல் தேதிகளைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா எழுந்து போய் பீரோவைத் திறந்துவிட்டார். துப்பாக்கியை எடுத்து, குழலைத் தனியாகக் கழற்றி, பழைய வேட்டி ஒன்றில் சுற்ற ஆரம்பித்தார். லைசென்ஸ் துப்பாக்கியைத் தேர்தல் முடியும்வரை ஒப்படைக்கச் சொல்லி எப்படியும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வரும் என்று அவருக்குத் தெரியும். மறுநாளே வந்தது. "ஐயா, தேர்தல் வந்துருச்சுங்க, கொண்டாந்து வெச்சிருங்க."

எங்கள் தோட்டம் கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில். ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, தென்னைக்கு நடுவில் சாளை, அதாவது எங்கள் தோட்டத்து வீடு. கிணறு, நாலு எருமை, நாட்டுக்கோழி, அம்மா போட்ட கீரைப்பாத்தி. உப்பும் தீப்பெட்டியும் தவிரக் கடைக்குப் போக வேலையில்லை என்று அப்பா பீற்றிக்கொள்வார் (டீத்தூளையும் பிரஷர் மாத்திரையையும் வசதியாக மறந்துவிடுவார்). பக்கத்துச் சாளை கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. துப்பாக்கி 12 போர் ஒற்றைக்குழல், பயிர்ப் பாதுகாப்புக்கென்று தாத்தா காலத்தில் வாங்கிய லைசென்ஸ். இத்தனை வருஷத்தில் அது சுட்டதெல்லாம் வானத்தைத்தான். காட்டுப்பன்றியைச் சுட்டால் வனத்துறை வழக்கு. சத்தம் கேட்டு அதுகள் ஓடினால் போதும்.

ஆனால் பாருங்கள், மார்கழியில் போட்ட கடலை பங்குனியில் காய் பிடிக்கும், பன்றிக்கூட்டம் மலையிலிருந்து இறங்குவதும் அப்போதுதான், துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனதும் சரியாக அப்போதுதான். நாங்கள் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19. வடக்கே மற்ற கட்டங்களெல்லாம் முடிந்து ஓட்டு எண்ணியது ஜூன் 4. எங்கள் விரலில் மை அழிந்தும் ஒரு மாதம் துப்பாக்கி அங்கேயே கிடந்தது. அதற்குள் முக்கால் ஏக்கர் கடலையை உழுது போட்ட மாதிரி கிளறிவிட்டுப் போயின. தகரம் தட்டினோம், வெடி போட்டோம். இரண்டு ராத்திரி பயந்தன, மூன்றாம் ராத்திரி பழகிவிட்டன.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், எல்லாரிடமும் வாங்கி வை என்று தேர்தல் ஆணையம் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு ஒரு குழு உட்கார்ந்து, ஜாமீனில் வெளியே இருப்பவர், பழைய வழக்கு உள்ளவர், முன்பு கலவரத்தில் சிக்கியவர் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் வழிகாட்டுதல். நடப்பது என்ன? லிஸ்ட்டை எடுத்து மேலிருந்து கீழே போன் போடுகிறார்கள். கள்ளத்தனமாக நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு யார் போன் போடுவது? அவனும், தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து அவுட்டுக்காய் வைக்கிறவனும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அந்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்து செத்த யானைகளின் கதை மலையோரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

டெக்சாஸில் இருக்கும் என் மச்சினன் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். அங்கே 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானால், குற்றப் பின்னணி இல்லையென்றால், பெர்மிட்டே இல்லாமல் இடுப்பில் கைத்துப்பாக்கி சொருகிக்கொண்டு நடக்கலாம். காட்டுப்பன்றியை ஹெலிகாப்டரில் உட்கார்ந்தே சுடலாம், 2011இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். அங்கே பன்றி வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது, இங்கே அது இந்த மண்ணின் பிராணி, அந்த வித்தியாசம் இருக்கட்டும். இவ்வளவு சுட்டும் அங்கே பன்றி ஒழியவில்லை. தெருவுக்குத் தெரு துப்பாக்கி எனக்கு வேண்டாம். எங்கள் ஊரில் வாய்க்கால் தகராறில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

டெக்சாஸ் வரை போவானேன், குடகுக்குப் போனால் போதும். கொடவர்களுக்கும் அங்கே ஜம்மா என்கிற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுதச் சட்டத்தின் லைசென்ஸ் விதியிலிருந்து விலக்கு. வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை, 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. பையன் பிறந்தால் ஒரு வேட்டு, சாவு என்றால் இரண்டு வேட்டு, அவர்களுடைய ஆயுதத் திருவிழாவான கைல்போத் அன்று துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை. நான் போன வீட்டில் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது, எங்கள் வீட்டில் காலண்டர் மாட்டுகிற மாதிரி. அவர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிறப்பைப் பார்த்து ஒருவனை நம்புவது என்ன நியாயம்? அப்பாவை நம்ப வேண்டும் என்றால், 74 வயது வரை ஒரு வழக்கும் இல்லாமல், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் காட்டி வாழ்ந்த மனிதர் என்பதற்காக நம்பட்டும்.

இப்போது சாளைக்காரர்கள் கவலைப்படுவது பன்றியைப் பற்றி மட்டும் இல்லை. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் என்று மூன்று பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அது ஆறுவதற்குள், 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியின் கொலை வெளியே தெரிந்தது. அப்புறம்தான் எங்கள் பக்கம் டீக்கடையில் எல்லாம் லைசென்ஸ் பேச்சு. "உங்களுக்கென்னங், வீட்டுல துப்பாக்கி இருக்குது" என்று அப்பாவிடமே சொன்னார்கள்.

அன்று ராத்திரி நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா படுப்பது வாசலில் கயிற்றுக் கட்டிலில். துப்பாக்கி உள்ளறை பீரோவில், தோட்டா வேறு பெட்டியில், சாவி அம்மாவின் தலையணைக்கு அடியில். பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீட்டில் அப்படித்தான் வைக்க முடியும். நாய் குரைத்து, அப்பா எழுந்து, கண்ணாடியைத் தேடி, அம்மாவை எழுப்பி... சொன்னபோது அப்பா கோபப்படவில்லை. "அது கையில இருக்கோணும்னு இல்லடா. இவங்கிட்ட இருக்குதுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதே நாலு பேருக்குத்தானே தேர்தல் வந்தால் அது இவரிடம் இருக்காது என்பதும் தெரியும்?

லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற மனு கொடுத்திருக்கிறேன். 70 வயது தாண்டியவர் வாரிசுக்கு மாற்றிக்கொள்ள 2016 ஆயுத விதிகளில் இடமிருக்கிறது. விசாரணைக்கு வந்தவர் "கோயமுத்தூர்ல ஃப்ளாட்டுல இருக்கறவருக்கு எதுக்குங்க துப்பாக்கி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் வாரத்தில் இரண்டு நாள்தான் சாளையில் இருக்கிறேன்.

அந்தத் தேர்தல் முடிந்து ஜூனில் திரும்பி வந்த துப்பாக்கியின் குழலுக்குள் துரு பிடித்திருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்கக் குச்சியில் துணி சுற்றி எண்ணெய் தொட்டுத் தேய்த்தார். அந்தப் பழைய வேட்டியை அம்மா கரித்துணிக்கு எடுத்தபோது விடவில்லை. துவைத்து மடித்துப் பீரோவிலேயே வைத்திருக்கிறார்.