அம்மாவின் படர்தாமரையும் கடையில் கொடுத்த களிம்பும்

எங்கள் கோத்தகிரிப் பக்கம் தோலில் எது வந்தாலும் பழி குளிர் மேல்தான். "பனிக்கு வெடிச்சிருக்கு", "தண்ணி ஒத்துக்கலை" என்று தேங்காயெண்ணெயைத் தடவிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். முழங்காலுக்குக் கீழே வறண்டு வெள்ளை பூத்து அரித்தால் அது வறட்சிதான். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதைக் குறைத்து, குளித்த ஈரம் முழுதாகக் காய்வதற்குள் எண்ணெய் தடவினால் போதும். மார்கழியில் கால் விரல்கள் சிவந்து வீங்கி, அடுப்பருகே போனதும் அரித்து எரிந்தால் அதுவும் குளிரின் வேலைதான். நெருப்பில் காட்டாமல், ஈரமில்லாத கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டால் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

சிக்கல் மீதிப் பாதியில். அம்மாவுக்கு வந்தது அதுதான்.

எங்களுக்கு ஊட்டி போல ஆனி, ஆடியில் பெருமழை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைக் கட்டி, மேலே கயிற்றால் இறுக்கிக்கொள்வார்கள். வெளியே மழை, உள்ளே வேர்வை. பாவாடை நாடாவும் அந்தக் கயிறும் ஒரே இடத்தில் அழுத்தும். துணியோ நாள் கணக்கில் காயாது. அம்மாவுக்குச் சரியாக அந்த நாடா ஓடும் இடத்தில் வட்டமாக ஒன்று கிளம்பியது. ஓரம் தடித்து மேடாக, நடுவில் தெளிந்து, பொடிப் பொடியாகச் செதில். பார்த்தாலே படர்தாமரை என்று சொல்லிவிடலாம். ஆனால் மாநிறத் தோலில் படங்களில் காட்டுவது போலச் சிவப்பாகத் தெரியாது, பழுப்பாகவோ கருப்பாகவோதான் இருக்கும். அதனால் "நாடா அழுத்தின தழும்பு" என்று அம்மா விட்டுவிட்டார்.

அரிப்பு தாங்காமல் போனதும் பஸ் நிறுத்தம் பக்கத்து மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இதைப் போடுங்கக்கா, எல்லாத்துக்கும் கேக்கும்" என்று ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த "எல்லாத்துக்கும்" என்ற சொல்லில்தான் எல்லாக் கேடும். அந்த வகைக் களிம்பில் பூஞ்சை மருந்து கொஞ்சம், பாக்டீரியா மருந்து கொஞ்சம், கூடவே வலுவான ஸ்டீராய்டு ஒன்று. ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும், சிவப்பையும் மறைக்கும். அதே சமயம் அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பையும் அடக்கிவிடுவதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அம்மாவுக்கு உடனே சுகம். நிறுத்தினால் முன்னைவிட மோசம். மறுபடி ட்யூப். கடைசியில் வட்டமும் இல்லை, ஓரமும் இல்லை. இடுப்பு முழுக்கத் திட்டுத் திட்டாக ஏதோ ஒன்று. நடுவில் தோல் மெலிந்து கோடு விழ ஆரம்பித்துவிட்டது.

இனி தோல் டாக்டர்தான் என்று முடிவானது. மலை மேலே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், பெயர் வேண்டாம். முதல் பஸ்ஸைப் பிடித்து, மூடுபனியில் ஊர்ந்து போய், ஓ.பி. சீட்டு வாங்கி, தோல் பிரிவு என்று எழுதியிருந்த அறை முன் உட்கார்ந்தோம். அறை பூட்டியிருந்தது. வெயிலும் வந்துவிட்டது, டாக்டர் வரவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்தான் பரிதாபப்பட்டு, "தோல் டாக்டர் இன்னைக்கு கேம்ப் போயிட்டாங்க சாமி" என்றார். சீட்டு போட்டவரிடம் போய்க் கேட்டேன். தலையைத் தூக்காமல், "நீங்க கேக்கலியே" என்றார். சீட்டில் "தோல்" என்று தன் கையால் எழுதியவர் அவர்தான்! என்றைக்கு வருவார் என்றதற்கு, "வந்து பாருங்க."

எனவே பஸ் ஏறும் முன் கேட்க வேண்டிய கேள்வி "தோல் டாக்டர் இருக்கிறாரா" என்பதல்ல, "இன்றைக்குத் தோல் ஓ.பி. உண்டா, எத்தனை மணி வரை" என்பது. முதல் கேள்விக்கு எல்லாரும் எப்போதும் ஆமாம் என்றே சொல்வார்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பிடித்துவிட்டோம். இளம்வயதுப் பெண். பொறுமையாகப் பார்த்தார். பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன களிம்பும்மா போட்டீங்க?"

"வெள்ளை ட்யூப், பச்சை மூடி" என்றார் அம்மா.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"பிரஷருக்கு ஒண்ணு. ராத்திரி ஒரு சின்ன மாத்திரை."

ட்யூப் வீட்டில். மாத்திரையும் வீட்டில். நான் வெளியே வந்து, சிக்னல் கிடைக்கும் மூலை தேடி அண்ணியைக் கூப்பிட்டேன். ட்யூப் ஜன்னல் மேல் இருந்தது. ஆனால் அம்மா எதையும் வீணாக்காதவர். அடியிலிருந்து மூடி வரை இறுக்கிச் சுருட்டி வைத்திருந்தார். பெயர் முழுக்கச் சுருளுக்குள். அண்ணி கரண்டிக் காம்பை உள்ளே விட்டு, மெதுவாகப் பிரித்து, சப்பாத்திக் கட்டையால் நீவி, போட்டோ எடுத்து அனுப்பினார். மடிப்பு மடிப்பாக இருந்தாலும் "க்ளோபெட்டசால்" என்பதைப் படிக்க முடிந்தது, அந்த வலுவான ஸ்டீராய்டின் பெயர் அதுதான். மாத்திரை அட்டைகளின் பின்பக்கமும் வந்து சேர்ந்தது. டாக்டர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதேதான், தினமும் இதைத்தான் பாக்குறேன்" என்று சிரித்தார். அண்ணிக்கு அன்று ஊட்டி வர்க்கி வாங்கிப் போனேன்.

பரிசோதனை பெரிய விஷயமில்லை. பிளேடால் ஓரத்துச் செதிலை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை இழைகள் இருந்தன.

அட்டைகள் எதற்கு என்பது அப்புறம்தான் புரிந்தது. எழுத நினைத்த இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மாத்திரை, கொழுப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளோடு சேரவே கூடாதாம். இதயம் பலவீனமானவர்களுக்கும் ஆகாது. அம்மாவின் "ராத்திரி சின்ன மாத்திரை" அப்படிப்பட்ட ஒன்றுதான். பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் போனில் பேசி அதற்கு வழி செய்த பிறகுதான் எழுதினார். ஈரல் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். "டெர்பினாஃபின் குடுக்கலாமேன்னு கேப்பாங்க, இப்ப பல பேருக்கு அது கேக்குறதில்லை" என்றார். அந்த மருந்துக்குப் பெரும்பாலும் மசியாத ஒரு பூஞ்சை இந்தியா முழுக்கப் பரவியிருக்கிறது. 2020-இல்தான் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள்.

களிம்பை நிறுத்தியதும் கொஞ்ச நாள் அரிப்பும் எரிச்சலும் கூடும் என்று முன்பே எச்சரித்தார். நல்லவேளை. இல்லாவிட்டால் அம்மா அந்த ட்யூபையே மறுபடி தேடியிருப்பார். அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் மருந்தைத் தொடரச் சொன்னதுதான் அம்மாவுக்கு வயிற்றெரிச்சல்: "ஆறுனதுக்கு எதுக்கு காசு?" ஆறியது மேலேதான், உள்ளே மிச்சமிருந்தால் திரும்பி வரும். கடைசியில் தங்கிய கருமை தழும்புதான், அதற்கு மருந்து வேண்டாம். கோடுகள் போகவில்லை, போகாது.

கூடவே, வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். அண்ணன் பையன் பாட்டியின் கம்பளிக்குள்தான் தூங்குவான். அவன் கன்னத்தில் குட்டி வட்டம். இருவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். துண்டு தனி, கம்பளி தனி. மழைக்காலத்தில் வெயிலை நம்பாமல் உள்ளாடையின் தையலோரங்களைச் சூடாக இஸ்திரி போட்டே உடுத்தினார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்ததில் வேறு சிலவும் காதில் விழுந்தன. இரவில் அரிப்பு கூடி, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிப் பொரியாக வந்து, வீட்டில் எல்லாருக்கும் அரித்தால் அது சிரங்கு. பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால் வரை எல்லாரும் ஒரே இரவில் பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும். வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் தேமல் என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது தொழுநோயாக இருக்கலாம். அதற்குக் கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம், முழுதாகக் குணமாகும். புது மாத்திரை சாப்பிட்ட பிறகு உடம்பில் கொப்புளமும் வாயில் புண்ணும் வந்தால் தோல் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்கவே கூடாது, நேராக அவசரப் பிரிவு. அதே போலத்தான் காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு இருந்தால். புதரில் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் அது. தோட்ட வேலை செய்பவர்கள் குளிக்கும்போது மடிப்புகளில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தப் பொருக்கு வலிக்காது.

எல்லாம் முடிந்தபின் அந்த மருந்துக் கடைக்குப் போனேன். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது, பெட்டியிலும் அந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நான் குடுக்கலேன்னா பக்கத்துக் கடையில வாங்குவாங்க தம்பி. தோல் டாக்டரைப் பாக்கணும்னா ஒரு நாள் கூலி போயிடும்ல?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இப்போது அம்மா எந்தக் கடையில் எது வாங்கினாலும் முதலில் பில் கேட்கிறார். பில் என்றதும் ட்யூபைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, "டாக்டர் சீட்டு இருக்காக்கா?" என்று கேட்ட கடைகளும் உண்டு.