உளிக்கு ஒரு பிடி

இந்த முக்கால் அங்குல உளிக்குக் கருவேல மரத்தில் நானே பிடி கடைந்தேன். மரம், கழித்துப்போட்ட மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால். நன்றாகக் காய்ந்த, வைரம் பாய்ந்த கட்டை. ரேகை அடிமுதல் நுனிவரை நேராக ஓடுகிறது. பிடிக்கு அதுதான் முக்கியம். குறுக்கே ஓடும் ரேகை சுத்தியல் அடியில் பிளந்துவிடும். ஈர மரமோ காயக் காயச் சுருங்கி, பிடியின் முனையை இறுக்கும் உலோக வளையமான பூணைத் தளர்த்திவிடும்.

லேத்தில் ஏற்றியதும் வேகத்தைக் குறைத்து வைத்து நான்கு மூலைகளையும் சீவினேன். உருண்டையான பிறகே வேகம் கூட்டலாம். முகக் கவசம் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

நேரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டது பூண் உட்காரும் இடம். பித்தளைக் குழாயில் அறுத்த வளையம் அது. கையால் தள்ளினாலே நுழைகிறது என்றால் அது பூணே அல்ல! மயிரிழை தடிமன் கூடுதலாக விட்டு, தட்டித்தான் இறக்க வேண்டும். பிடிக்குள் இறங்கும் உளியின் வால் கூம்பி முடிவதால், துளையையும் வாய்ப்பக்கம் அகலமாகவும் உள்ளே குறுகலாகவும் இரண்டு அளவுகளில் போட்டேன்.

நடுவில் உள்ளங்கை நிறையும்படி சற்றுப் பருமன். வார்னிஷ் பூசவில்லை, வியர்த்த கையில் அது வழுக்கும். ஆளி விதை எண்ணெய் மட்டும் தேய்த்தேன். கருவேலத்தின் செம்பழுப்பு எழுந்து வந்த அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மேசையில் உருண்டு விழாதிருக்க ஒரு பக்கத்தை மட்டும் இழைப்புளியால் தட்டையாக்கினேன்.

அடுத்து அரத்துக்கு. புளிய மரத்தில் பிடி கடைந்தவர்கள் இருந்தால், அது எப்படி உழைக்கிறது என்று எழுதுங்கள்.