ராமர் காசு வேணாம் பாய், அந்த தேய்ஞ்சத குடுங்க

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குன்னே ஆபீஸ்ல லீவு சொல்ற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். பழைய டிரங்க் ரோடு ஓரமா தார்ப்பாய் விரிச்சு செத்துப்போன மிக்ஸி, ஒத்தை ஷூ, டிவி ரிமோட்டுன்னு என்னென்னவோ கிடக்கும், அதுக்கு நடுவுல யாராவது ஒருத்தர் பித்தளை சொம்பு, பாக்குவெட்டி, சாவியில்லாத பூட்டு, கூடவே ஒரு தட்டு நிறைய காசு வெச்சிட்டு உக்காந்திருப்பார். எனக்கு அந்த தட்டுதான்.

புது ஆளுன்னு தெரிஞ்சா முதல்ல நீட்டுறது ராமர் காசு. ஒரு பக்கம் பட்டாபிஷேகம், இன்னொரு பக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரையணா, 1818. "வீட்ல வெச்சா அதிர்ஷ்டம் சார்"னு வேற சொல்வாங்க. சுத்த டுபாக்கூர். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்ல. இதுலயே 1616னு போட்டதும் சுத்துது, அப்ப கம்பெனிக்காரன் சூரத்துல இப்பத்தான் கடை போட்டு உக்காந்திருக்கான், அவன் எங்க ராமர் படம் போட்டு அரையணா அடிக்கிறது!

இதுக்கு அண்ணன் ஒண்ணு இருக்கு, அரிசியை இழுக்குற செம்பு, இரிடியம் கலசம், கோடிக்கணக்குல விலைன்னு ஒரு கும்பல். அப்புறம் அஞ்சு ரூபா நோட்டுக்கு லட்சம் தர்றேன், முதல்ல பதிவுக் கட்டணம் கட்டுன்னு கேக்குற கும்பல். 2021லயே ரிசர்வ் வங்கி இது மோசடின்னு அறிக்கை விட்டாச்சு, ஆனா எங்க ஃபேமிலி வாட்ஸ்ஆப் குரூப்ல அந்த வீடியோ இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு.

சரி, நான் என்னதான் வாங்குறேன்னா, யாரும் சீண்டாத தேய்ஞ்ச செம்புக் காசு. ராஜராஜன் காசு இன்னமும் சல்லிசா கிடைக்கும், ஒரு பக்கம் நிக்கிற ஆள், மறுபக்கம் உக்காந்த ஆள், குச்சி குச்சியா கை கால், பக்கத்துல நாகரி எழுத்துல ஸ்ரீ ராஜராஜன்னு இருக்கும். இதே மாடல்ல பின்னாடி இலங்கை ராஜாக்களும் அடிச்சிருக்காங்க, அதனால பேரை ஒழுங்கா படிக்காம சோழர் காசுன்னு துள்ளக் கூடாது. கடைக்காரங்க சிலர் புளி போட்டு பளபளன்னு தேய்ச்சு வெச்சிருப்பாங்க பாருங்க, அழுகையே வரும். அந்தக் கரும்பச்சைக் களிம்பு அப்படியே இருந்தாத்தான் எழுத்து நல்லா தெரியும், விலையும் நிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1808ம் வருஷத்து மெட்ராஸ் இருபது காசு. இங்கிலாந்துல பர்மிங்காம் சோஹோ மின்ட்ங்கிற காசு அடிக்கிற ஆலையில அடிச்சு கப்பல்ல மெட்ராஸுக்கு அனுப்பினது. அதுல அட்மிரல் கார்ட்னர்னு ஒரு கப்பல் 1809 ஜனவரியில இங்கிலாந்து கரையைத் தாண்டுறதுக்குள்ளயே குட்வின் மணல்திட்டுல மாட்டி முழுகிடுச்சு, 1980கள்ல டைவர்ஸ் இறங்கி லட்சக்கணக்குல காசை அள்ளிட்டு வந்தாங்க. ஆன்லைன்ல புதுசு மாதிரி, காசுல இருக்குற சிங்கம் எல்லாம் தெளிவா விக்கிறது பெரும்பாலும் அந்தச் சரக்குதான், நம்மூர் மண்ணையே பாக்காத மெட்ராஸ் காசு. சந்தையில சிங்கமே வழுக்கையாகி ஒண்ணு கிடைச்சுது பாருங்க, அது யார் யார் முந்தானையில முடிஞ்சு எந்தெந்தக் கடைக்குப் போச்சோ, எனக்கு அதுதான் ஒசத்தி.

சிலை பக்கம் மட்டும் போயிடாதீங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின சிலைன்னா பதிவு பண்ணியாகணும், எங்கயோ கோயில்ல திருடினதா இருந்தா சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு நம்ம வீட்டுக் கதவைத்தான் தட்டும். மெட்டல் டிடெக்டர் வாங்கி ஆத்துல தோண்டலாமான்னு கேக்குறவங்களுக்கும் சொல்லிடறேன், 1878லேர்ந்து ஒரு புதையல் சட்டம் இருக்கு, மண்ணுக்குள்ள கிடைச்சது பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னாலே கலெக்டருக்குச் சொல்லணும். ஆமா, பத்து ரூபாதான்.

இப்ப நான் தேடிட்டு இருக்குறது திருவிதாங்கூர் சக்கரம் எண்ணுற பலகை. சக்கரம்னா மிளகு சைஸ் வெள்ளிக்காசு, ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. கையால எண்ணி மாளாதுன்னு குழி குழியா போட்ட பலகையில கொட்டி ஒரு குலுக்கு குலுக்குவாங்க, ஒரு குழிக்கு ஒண்ணு உக்காந்துக்கும், எண்ணி முடிச்சாச்சு. நாகர்கோவில் பக்கம் பழைய வீடு இடிக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, அடுப்புல வெச்சிடாதீங்க, ஒரு மெசேஜ் போடுங்க.