பாடசாலைக்கும் அனுப்பி, வீட்டிலும் செவ்வியல் கல்வி

"அக்கா, நீங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஏதோ பழைய முறையில் படிப்பிக்கிறீர்களாமே?" என்று எங்கள் சபையில் இளம் தாய்மார் கேட்கிறார்கள். ஆராதனை முடிந்து வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பழைய முறைக்குச் செவ்வியல் கல்வி என்று பெயர். ஐரோப்பாவின் பழைய பள்ளிகளில் மற்றப் பாடங்களுக்கு அத்திவாரமாக மூன்று கலைகளைப் படிப்பித்தார்கள்: இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை. 1947இல் டொரதி சேயர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய ஓர் உரையில், இந்த மூன்றையும் பிள்ளை வளர்கிற பருவங்களோடு பொருத்திக் காட்டினார். சின்ன வயதில் பிள்ளைக்கு எதையும் பாடமாக்குவது விளையாட்டு. பத்துப் பன்னிரண்டு வயதில் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி. அதற்குப் பிறகு தன் எண்ணத்தை மற்றவர் கேட்கும்படி சொல்ல ஆசை வரும். அந்தந்த வயதுக்கு அந்தந்தக் கலை. இன்று அமெரிக்காவில் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிப்பிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல, வேதாகமத்தை நடுவில் வைத்து இந்த வழியில்தான் போகின்றன.

எங்களுக்கு இது தொடங்கியது 2022இல். கொரோனாவால் ஏற்கெனவே பாடசாலை நாட்கள் நிறையப் போயிருந்தன. அதற்குமேல் அந்த ஜூனில் எரிபொருள் இல்லாமல் மறுபடி மூடினார்கள். மூத்தவள் அப்போது தரம் நான்கு, மகன் தரம் ஒன்று. கடைசி கைக்குழந்தை. போனில் வருகிற பாடத்தைக் கொப்பியில் பார்த்து எழுதுவதுதான் படிப்பு என்று ஆகியிருந்தது. எழுதி முடித்த மகளிடம் "என்ன எழுதினாய்?" என்று கேட்டால் பதில் இல்லை. அவள் கெட்டிக்காரி, அது எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு நித்திரை வரவில்லை.

பாடசாலையை விட்டு முழுதாக எடுத்துவிடலாமா என்றுகூட நானும் இவரும் பேசினோம். இலங்கையில் அது லேசான முடிவு இல்லை. 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி 5 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயம். 2016இல் அதை 16 வயது வரை நீட்டினார்கள். சட்டத்தை விட இவர் சொன்ன காரணம்தான் எனக்குப் பட்டது. "எங்கட ஊர்ல தமிழ், முஸ்லிம், சிங்களம் எல்லாரும் இருக்கிறம். பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தா யாரோட வாழப் பழகுறது?" என்றார். சரி, பாடசாலை பாடசாலையாக இருக்கட்டும், வீட்டுக் கல்வியை விடிகாலையிலும் சனிக்கிழமையிலும் வைப்போம் என்று முடிவெடுத்தோம்.

அடுத்த கேள்வி புத்தகம். வெளிநாட்டுப் பாடத்திட்டங்களின் விலை டொலரில். அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டிருந்தது. மலிவாகக் கிடைத்திருந்தாலும் அவற்றை எடுத்திருக்க மாட்டேன். இலத்தீன் வாய்பாட்டையும் இங்கிலாந்து அரசர்களின் வரிசையையும் வைத்து திருகோணமலைப் பிள்ளைக்கு அத்திவாரம் போட முடியாது. இலத்தீன் இருக்கும் இடத்தில் எங்களுக்குப் பழந்தமிழ் இருக்கிறது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

எனக்கு வழிகாட்டியது அம்மப்பாவின் பழைய நன்னூல் பிரதி. அவர் தமிழ் வாத்தியார். நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் சமணர், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இலக்கணத்தைத் தொடங்குமுன் பாயிரத்தில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிறார். பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் என்று வரிசை போகிறது. பாடமாக்கு, நினைத்துப் பார், கேள், கேட்டதற்குப் பதில் சொல். இன்னோர் இடத்தில் கணக்கே போட்டுக் கொடுக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குச் சேருவது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைவாசி, படித்ததைப் பிறருக்கு விளங்கச் சொல்லும்போதுதான் வரும். மகள் கொப்பி நிறைய எழுதியும் பதில் சொல்ல முடியாமல் நின்றது ஏன் என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. அவளுக்கு அந்தக் கால் பங்குகூட முழுதாகப் போய்ச் சேரவில்லை.

அப்புறம் வீட்டு முறை தானாகவே அமைந்தது. ஐந்தரைக்கு எல்லாரும் மேசையில். இவருக்குச் சீனன்குடாவில் ஷிப்ட் வேலை, இரவு வேலை இல்லாத நாட்களில் இவரும் இருப்பார். முதலில் ஒரு சங்கீதம், செபம். பிறகு பாடமாக்கியவற்றைச் சொல்வது: சங்கீதம் 1, 23, மலைப்பிரசங்கத்தின் பாக்கிய வசனங்கள், ஆத்திசூடி, கொன்றைவேந்தன், கிழமைக்கு இரண்டு குறள், பெருக்கல் வாய்பாடு. ஊர் வரலாற்றுக்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறோம். 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தது, 1782இல் ஒரே வருடத்தில் ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் போனது, 1795இல் ஆங்கிலேயர் திரும்ப எடுத்தது. கடைசியாக ஒரு பக்கம் வாசிப்பேன். ஒரு தடவைதான். உடனே ஒரு பிள்ளை அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. அதற்குப் பிறகு புட்டும் சம்பலும், பாடசாலை.

திருப்பிச் சொல்வதுதான் இந்த முறையின் உயிர். ஒரு நாள் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பலோட்டியின் கதை. 1660இல் கொட்டியாரத்தில், அதாவது எங்கள் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில், கண்டி அரசனின் ஆட்களிடம் தகப்பனோடு பிடிபட்டவர். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் கிட்டத்தட்ட இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊருக்குத் தப்பி வந்தார். இடையில் ஒரு கிழவர் ஓர் ஆங்கில வேதாகமத்தைக் கொண்டுவர, பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். மகன் திருப்பிச் சொன்னபோது அரசனும் இல்லை, அரிப்பும் இல்லை. எல்லாம் தொப்பிதான். "தொப்பியைக் குடுத்திட்டா அவருக்கு வெயிலுக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் அக்காக்காரி, "அவரே தொப்பி பின்னி விக்கிறவர்டா, இன்னொண்டு பின்னுவார்" என்று சொல்லி, அவன் விட்ட தகப்பனின் மரணத்தையும் சேர்த்தாள். பவணந்தியார் சொன்ன இரண்டாவது கால் பங்கு எங்கள் மேசையில் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

2023 மூத்தவளுக்குத் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை வருடம். அதுதான் எங்களைச் சோதித்த வருடம். அவளோடு படித்த பிள்ளைகள் பாடசாலை விட்டு ஒரு ரியூசன், பின்னேரம் இன்னொரு ரியூசன் என்று போனார்கள். மாமி, "பேத்தியின்ர வாழ்க்கையோட விளையாடாத பிள்ளை" என்று என்னிடம் நேரடியாகவே சொன்னார். அவர் அன்பில்தான் சொன்னார். ஒரு வகுப்புக்கு மட்டும் அனுப்பினோம், விடிகாலை நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எழுபதுக்கு மேல் எடுத்தாள், வெட்டுப்புள்ளிக்குப் போதவில்லை. மாமி கொஞ்ச நாள் கதைக்கவில்லை. மகள் அழுதாள், நானும் அழுதேன். அடுத்த நாள் காலையில் வழக்கம்போலச் சங்கீதத்தில் தொடங்கினோம். பத்து வயதுப் பிள்ளையின் மதிப்பை இரண்டு வினாத்தாளில் அளப்பதை நான் இன்றைக்கும் ஏற்கவில்லை.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, தர்க்கப் பருவம். இந்தப் பருவத்தில் கிறிஸ்தவப் பெற்றோருக்குத் துணிவு வேண்டும். பிரெட்ரிக் கோட்டையைப் பற்றிப் படித்தபோது, போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டியதை வாசித்தோம். கோட்டை வாசலில் மீன் சின்னத்தோடு இருக்கிற தமிழ்க் கல்வெட்டையும் போய்ப் பார்த்தோம். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அம்மா, இடிச்சவங்களும் கிறிஸ்தவங்கள்தானே?"

"ஓம்" என்றேன். அதற்குமேல் நான் விளக்கம் சொல்லவில்லை, அவளைக் கொப்பி எடுக்கச் சொன்னேன். "இடித்தவர்கள் கிறிஸ்தவர்கள்" என்று ஒரு வரி எழுதினாள். அதற்குக் கீழே, "ஆகவே கிறிஸ்து இடிக்கச் சொன்னார்." இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த வரி இருந்தால் முடிவு சரியாகும் என்று கேட்டேன். கனநேரம் யோசித்து, "கிறிஸ்தவர்கள் செய்வதெல்லாம் கிறிஸ்து சொன்னது" என்று எழுதினாள். எழுதிவிட்டு அவளே குறுக்குக்கோடு போட்டாள். அப்புறம் மத்தேயு 5ஐ எடுத்து, அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று தேடினாள். அவளுடைய நெருங்கிய சிநேகிதி கோணேசருக்குப் போகிற பிள்ளை. அதனால் இந்தக் கேள்வி அவளுக்குப் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்கோணமலைப் பதிகத்தையும் படித்தோம். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" என்ற அடியில் எங்கள் கடற்கரையின் சத்தம் கேட்கிறது என்றாள். எங்கள் விசுவாசம் வேறு, ஆனால் எங்கள் ஊரையும் மொழியையும் இவ்வளவு அழகாகப் பாடியதைப் பிள்ளைகளுக்கு மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீரமாமுனிவரை இரண்டு பிள்ளைகளுக்கும் பிடிக்கும். இத்தாலியில் பிறந்து, எ ஏ, ஒ ஓ ஆகியவற்றை வேறுபடுத்தி எழுத வழி செய்தவர் என்றதும் மகனுக்கு ஒரே ஆச்சரியம். யோசேப்பைத் தலைவனாக வைத்துப் பாடிய அவருடைய தேம்பாவணியில் 3,600க்கு மேல் பாடல்கள். எங்களுக்கு அது கடினம், ஆறுதலாக ஒவ்வொரு பாடலாகப் போகிறோம்.

தொடங்க நினைப்பவர்கள் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். நன்னூலும் தேம்பாவணியும் மதுரைத் திட்டம் என்ற இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஈழத்துப் பழைய நூல்களுக்கு நூலகம் இணையத்தளம் இருக்கிறது. ஒரு தவணைக்கு இதை மட்டும் செய்யுங்கள்: ஒரு சங்கீதம், ஒரு பக்கம் வாசிப்பு, திருப்பிச் சொல்லல். கைக்குழந்தை அழுதால் அன்றைக்குச் சங்கீதத்தோடு நிறுத்துங்கள், குறைவில்லை. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பாடசாலை பார்த்துக்கொள்ளும். சிங்களத்தைக் கைவிடாதீர்கள், இந்த ஊரில் அது இல்லாமல் சரிவராது.

மகள் சாதாரண தரத்துக்குத் தமிழ் இலக்கிய நயம் எடுக்கப்போவதாக இப்போதே சொல்கிறாள். எனக்குக் கைவராதது கேத்திர கணிதம். ஒவ்வொரு படியையும் காரணம் சொல்லி நிறுவுகிற அந்தப் பழக்கம் தர்க்கப் பருவத்துக்கு அவசியம் வேண்டும். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அடுத்த தவணையிலிருந்து சனிக்கிழமைகளில் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேருகிறார்கள், மேசைக்கு இன்னும் இரண்டு கதிரை பார்க்க வேண்டும்.