கரண்டு போன ராத்திரிகளில் 8191

ரங்கூனில் எங்கள் தெருவில் நாலு மணி நேரம் கரண்டு வந்தால் அடுத்த நாலு மணி நேரம் இருக்காது. போனில் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதி, 2-இன் 44497-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்த எண்ணை (13395 இலக்கம்) பகா எண்தானா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். பாதியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. சின்னதைக் கையாலேயே போட்டுப் பார்ப்போமே என்று மெழுகுவர்த்தியும் அக்கா மகளின் பழைய கணக்கு நோட்டுமாக உட்கார்ந்தேன்.

எடுத்தது 8191, 2-இன் 13-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இந்த மாதிரி எண் பகா எண்தானா என்று பார்க்கும் லூகா-லேமர் சோதனைக்கு நாலில் ஆரம்பிக்க வேண்டும். வர்க்கம் எடு, 2 கழி, 8191-ஆல் வகுத்து மீதியை வை. இப்படிப் பதினோரு தடவை. கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண்.

14, 194 எல்லாம் சும்மா வந்துவிட்டன. அடுத்தது 37634. இங்கே வகுக்கவே வேண்டாம். 8192 என்பது 8191-ஐவிட ஒன்று கூட. அதனால் எத்தனை 8192 போகிறதோ அத்தனையை மீதியோடு சேர்த்தால் போதும். நாலு முறை போய் 4866 மிச்சம், நாலைச் சேர்த்தால் 4870. கம்ப்யூட்டரும் இப்படித்தான் செய்கிறது. பிறகு 3953, 5970, 1857, 36...

இரண்டாம் ராத்திரி கடைசியில் வந்தது 4509. பூஜ்யம் இல்லை! ஆனால் 8191 பகா எண் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அது 26-ஆல் வகுக்க 1 மிஞ்சுவதாக இருக்க வேண்டும். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மிஞ்ச வேண்டும். 8191-இன் வர்க்கமூலம் 90-ஐச் சற்றே தாண்டும், அதனால் 90 வரை பார்த்தால் போதும், அதில் தேறுவது 79 மட்டுமே. 79-ஆல் வகுத்தேன், 54 மிஞ்சியது. ஒரே வகுத்தலில் முடிந்த விஷயம். ஆக, தப்பு என் கையில்தான்.

காலையில் அக்கா மகள் நோட்டைப் பார்த்த வேகத்தில் சொன்னாள்: "மாமா, 36-க்கு அப்புறம் ரெண்டைக் கழிக்கலையே?" 1296 என்று எழுதிவிட்டு அப்படியே போயிருக்கிறேன். திருத்தினதும் 1294, 3470, 128. 128-இன் வர்க்கம் 16384, ரெண்டு போனால் 16382, அதாவது 8191-இன் இரட்டிப்பு. பூஜ்யம்.

அந்த 128-ஐத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது 2-இன் 7-ஆம் அடுக்கு. 31-க்கு (2-இன் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு) போட்டுப் பார்த்தால் பூஜ்யத்துக்கு முந்தியது 8. 127-க்கு (7-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு) 111, 127-இல் அதைக் கழித்தால் 16. எல்லாமே ரெண்டின் அடுக்குகள்! யோசித்தால் மாயமில்லை: கடைசிக்கு முந்தியதன் வர்க்கம் 2 மிஞ்ச வேண்டும், 128-இன் வர்க்கமான 2-இன் 14-ஆம் அடுக்கும் இங்கே 2-தான் மிஞ்சும்.

1876-இல், சோதனையின் பெயரில் இருக்கும் கணித அறிஞர் லூகா 39 இலக்க எண்ணொன்றைக் கம்ப்யூட்டர் இல்லாமலே பகா எண் என்று காட்டியிருக்கிறார். நமக்கு அந்தப் பொறுமை ஏது! அடுத்து 131071, 2-இன் 17-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, பதினைந்து படி. பதினாலாவதில் 2-இன் 9-ஆம் அடுக்கான 512 வரணும், இல்லாவிட்டால் 131071-இல் அதைக் கழித்த 130559. நோட்டில் அந்த இடத்தைப் பென்சிலால் கட்டம் கட்டி வைத்திருக்கிறேன்.