எக்ஸ் சமன் 3

எங்கள் தூய கணித ஆசிரியர் காலமானார் என்ற செய்தி ரொறன்ரோவுக்கு வந்த அன்றிரவே, நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டார். அவரைப் பற்றி எழுதுவதானால் நான் வாங்கில் ஏறி நின்ற கதையைத்தான் எழுத வேண்டும்.

1984 ஆம் ஆண்டு, உயர்தர வகுப்பு. மரத்தாலான பெரிய மூலைமட்டத்தைக் கரும்பலகையில் கால் சுற்றுத் திருப்பி, கிடையாகச் சென்ற 3 அலகு மேல்நோக்கியும், மேலேறிய 2 அலகு இடப்பக்கமாகவும் மாறுவதால்தான் 2/3 என்ற படித்திறன் (ஏற்றத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்த சாய்வு) −3/2 ஆகிறதென்றும், இரண்டின் பெருக்கம் −1 என்பது அதன் விளைவேயன்றிக் காரணமன்று என்றும் அவர் விளக்கினார். 2எக்ஸ் − 3வை + 6 = 0 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக (4, 1) ஊடாகச் செல்லும் கோடு வேண்டுமானால், குணகங்களை இடம் மாற்றி, ஒன்றின் குறியை மாற்றி, புள்ளியைப் பிரதியிட்டால் போதும்: 3எக்ஸ் + 2வை − 14 = 0. வகுத்தலுக்கே இடமில்லை. நானோ பெருக்கம் −1 என்பதை மட்டும் கொப்பியில் எழுதிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வை = 4 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக (3, 1) ஊடாக ஒரு கோடு கேட்டு என்னைப் பலகைக்கு அழைத்தார். −1 ஐ 0 ஆல் வகுத்து விடை 0 என்றெழுதி, வை = 1 என்று முடித்தேன்; செங்குத்து கேட்டவருக்குச் சமாந்தரத்தைக் கொடுத்திருந்தேன்.

"வாங்கில ஏறி நில்லும்," என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, "நிலம் கிடை. இவர் நிக்கிறார். இவற்றை படித்திறன் என்ன? வரையறுக்க ஏலாது. சமன்பாடு எக்ஸ் சமன் 3."

மணி அடிக்கும்வரை அந்தச் சமன்பாடாகவே நின்றேன்.

மகளுக்கு இங்கே பத்தாம் வகுப்பில் இதே கணக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசையில் அவருடைய குணக மாற்றத்தையே சொல்லிக் கொடுத்தேன். வாங்கில் ஏற்றவில்லை.

புள்ளியிலிருந்து கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரம் அடுத்த கிழமைப் பாடம். அதற்குள் நான் கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டேன். போரால் மூடப்பட்டிருந்த, வடக்கே செல்லும் ஏ9 பாதை 2002 இல் திறந்த பின்னர் ஊருக்குப் போனபோது அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நான் பதினெட்டு ஆண்டுகள் சுமந்த வாங்குக் கதை அவருடைய நினைவிலேயே இல்லை.

"எந்தப் பாடத்தோட போனனீர்?"

"செங்குத்துக் கோட்டோட, சேர்."

"அப்ப தூரம் படிக்கேல்லை," என்றவர், பேனை இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இருக்கவில்லை.